படம் காட்டியதற்கு ஒரு வழக்கு

2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3ஆம் திகதி மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில், சீனர் சங்கம் ஒன்றின் மண்டபத்தில் ஓர் ஆவணப்படம் காட்டப்பட்டது. படம் முடிந்த கையோடு உள்துறை அமைச்சின் அதிகாரிகளும் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளுமாக ஏறத்தாழ முப்பது பேர் மண்டபத்துக்குள் வந்தார்கள். பார்க்க வந்திருந்தவர்களின் அடையாள அட்டை விபரங்களைப் பதிந்தார்கள். காட்சியை ஏற்பாடு செய்த 'கோமாஸ்' என்னும் மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த மூவரைக் கைது செய்து, சில மணி நேரம் தடுத்து வைத்துவிட்டு விடுவித்தார்கள். அம்மூவரில் ஒருவர்மீது மட்டும் அதே ஆண்டு செப்டெம்பர் 19ஆம் திகதி குற்றம் சுமத்தப்பட்டது. அவர் பெயர் லீனா ஹென்ட்ரி. அவ்வமைப்பில் வேலை செய்த ஓர் இளம் பெண்.

அன்று காட்டப்பட்ட படம் எங்கள் நாட்டைப் பற்றியது. 'நோ ஃபயர் ஸோன்', அதாவது யுத்த சூனிய வலயம். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்தவற்றைக் காட்டும் படம். பிரித்தானியாவைச் சேர்ந்த கெலம் மெக்ரே இயக்கியது.

யுத்தத்தைப் பற்றிய படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றுள் இதைப்போல் நாடு நாடாகத் துரத்தப்பட்ட படம் வேறில்லை எனலாம். ஒரு படத்தை யார் பார்க்கலாம், பார்த்தால் என்ன ஆகும், பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பெண்களாகிய எமக்கும் உரிய விடயங்கள். ஏனெனில் அப்படத்தில் நடப்பவை பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களுக்கே நடக்கின்றன.

படத்தில் என்ன இருக்கிறது?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. ஊழியர்கள் வெளியேறுகிறார்கள். போகாதீர்கள், நீங்கள் போனால் எங்களுக்கு என்ன ஆகும் என்று சனங்கள் வாசலில் கூடி நின்று மன்றாடுகிறார்கள். அங்கிருந்து படம் நகர்கிறது. 2009 ஜனவரியில் அரசாங்கம் யுத்த சூனிய வலயத்தை அறிவிக்கிறது. சனங்கள் அதை நம்பி அதற்குள் போகிறார்கள். பிறகு அதற்குள்ளேயே எறிகணைகள் விழுகின்றன. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அலறும் தாய்மார், மருந்தில்லாத மருத்துவமனை, லண்டனிலிருந்து வந்து அகப்பட்டுக்கொண்டு அங்கே காயக்காரருக்கு உதவிய வாணி குமார் என்ற பெண்ணின் சாட்சியம் ஆகியவை வருகின்றன. விடுதலைப் புலிகள் சனங்களை வெளியேற விடாமல் தடுத்ததும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதும், பிள்ளைகளைப் பிடித்துச் சண்டைக்கு அனுப்பியதும் சொல்லப்படுகின்றன.

கடைசிப் பகுதிதான் மிகவும் கொடியது. வென்ற படையினர் தங்கள் கைத்தொலைபேசிகளில் தாங்களே எடுத்துக்கொண்ட காட்சிகள் அவை. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்கள் சுடப்படுகிறார்கள். உடை களையப்பட்ட பெண்களின் உடல்கள் கிடக்கின்றன. பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரன் ஒரு படத்தில் உயிரோடு இருந்து ஏதோ தின்கிறான். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டுகளோடு கிடக்கிறான்.

இதற்கு முன்பே இதே இயக்குநரின் 'இலங்கையின் கொலைக்களங்கள்' 2011 ஜூன் மாதத்தில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் வெளிவந்தது. 2012 மார்ச்சில் அதன் தொடர்ச்சி வந்தது. 'நோ ஃபயர் ஸோன்' இவ்விரண்டையும் சேர்த்து விரித்து, ஒன்றரை மணி நேரப் படமாக 2013 மார்ச்சில் ஜெனீவாவில், மனித உரிமைகள் பேரவை கூடியிருந்த நேரத்தில் காட்டப்பட்டது. இலங்கைத் தூதுவர் அங்கேயே ஆட்சேபம் தெரிவித்தார்.

பொய் என்றவர்களும் உண்மை என்றவர்களும்

இலங்கை அரசாங்கத்தின் பதில் ஆரம்பத்திலிருந்து ஒன்றாகவே இருந்தது. காட்சிகள் போலி, சோடிக்கப்பட்டவை என்றார்கள். 2011 ஓகஸ்ட்டில் பாதுகாப்பு அமைச்சு பதிலுக்கு ஒரு படமே தயாரித்து வெளியிட்டது. ஒரு படத்தை மறுப்பதற்கு இன்னொரு படம்! மறுபக்கம், சுட்டுக் கொல்லும் அந்தக் காட்சிகளை நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்த ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர்களான பிலிப் அல்ஸ்டன் 2010இலும், கிறிஸ்டொஃப் ஹெய்ன்ஸ் 2011இலும் அவை உண்மையானவை என்றே முடிவு சொன்னார்கள்.

அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, இக்காட்சிகளைப் பற்றிச் சுயாதீன விசாரணை நடத்த வேண்டும் என்று 2011இல் கேட்டது. காணாமற்போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு இன்னும் ஒருபடி மேலே போனது. நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடத்துமளவுக்கு இப்படத்தின் காட்சிகள் உண்மைத்தன்மை உடையவை என்று அதன் அறிக்கை கூறியது. அந்த அறிக்கை 2015இல் வெளிவந்தது. அந்த ஆணைக்குழுவின் அமர்வுகளில் எங்கள் மாகாணத்துப் பெண்களும் கடதாசிக் கட்டுகளோடு வரிசையில் நின்று சாட்சியம் சொன்னார்கள். அதே அறிக்கைக்குள் இப்படியொரு வசனம் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாரும் வாசித்துக் காட்டவில்லை.

ஒரு காணொளி மெய்யா பொய்யா என்ற கேள்வியை நாம் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இதை எங்கள் கரையோரம் அனுபவித்தே படித்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கட்டினார்கள். கடையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு மிரட்டி, தலையசைக்க வைத்து, அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகள் உடைக்கப்பட்டன. பிற்பாடு அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அந்தக் கட்டி வெறும் மாவு. ஒரு வாரத்துக்குள் திகனவும் எரிந்தது.

ஆகவே காணொளி என்றால் உடனே நம்பிவிடவும் கூடாது, எமக்குப் பிடிக்காதது என்பதற்காகப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது, முழுவதும் இருக்கிறதா வெட்டப்பட்டதா, யாராவது அறிந்தவர்கள் பரிசோதித்தார்களா என்று கேட்க வேண்டும். மெக்ரேயின் படத்துக்கு இக்கேள்விகள் கேட்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்டு, பதிலும் கிடைத்திருக்கிறது. மாத்திரைக் கதைக்கும் பதில் கிடைத்தது. ஆனால் பள்ளி உடைந்த பிறகுதான் கிடைத்தது.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்?

பாலச்சந்திரனின் படங்கள் 2013 பெப்ரவரியில் பத்திரிகைகளில் வந்தன. தமிழ்நாட்டில் அது பெரும் கொந்தளிப்பை உண்டாக்கிற்று. மார்ச் மாதத்தில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்க, மாநிலம் முழுவதும் கல்லூரிகளுக்குப் பரவியது. அரசாங்கம் கல்லூரிகளை மூடியது. தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகிக்கொண்டது. அதே மார்ச் 21ஆம் திகதி ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் 25க்கு 13 என்ற வாக்குகளால் நிறைவேறியது. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கிய எட்டில் மலேசியாவும் ஒன்று என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். இந்தியா தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது.

ஆனால் ஆதரித்த அதே இந்தியா, 2014 பெப்ரவரியில் இப்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் தர மறுத்தது. இலங்கையுடனான நட்புக்குப் பாதகம் வரும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மெக்ரேக்கு 2013இல் இந்தியா விசாவும் கொடுக்கவில்லை. சான்றிதழ் கிடைக்காத படத்தை அவர் இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார். நேபாளத்தில் 2013 ஒக்டோபரில் நடந்த தென்னாசியத் திரைப்பட விழாவிலும் இலங்கை பற்றிய மூன்று படங்களுக்குத் தடை வந்தது. அவற்றில் இதுவும் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்காக மெக்ரே இலங்கை வந்து வடக்கே போக முற்பட்டபோது, அவர் சென்ற ரயிலை அனுராதபுரத்தில் ஒரு கூட்டம் மறித்து நின்றது. அவரால் போக முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவில், தண்டனைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர் லீனா ஹென்ட்ரிதான். படத்தை எடுத்தவரை விட்டார்கள், படத்தில் துப்பாக்கியோடு நிற்பவர்களை விட்டார்கள். மண்டபம் எடுத்து, கதிரை போட்டு, படத்தை ஓடவிட்ட பெண்ணைப் பிடித்தார்கள்.

தவணையே தண்டனை

மலேசியாவின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், தணிக்கைச் சபை அனுமதிக்காத படத்தை வைத்திருப்பதும் காட்டுவதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம். சட்டத்தை அதன் எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் கல்யாண வீட்டு வீடியோவைக் காட்டுகிறவர்களும் அகப்படலாம் போலிருக்கிறது. கோமாஸ் அமைப்பு 2003 முதல் சுதந்திரத் திரைப்பட விழா ஒன்றை நடத்தி வந்தது. பத்தாண்டாகப் படங்களைக் காட்டி வந்த ஓர் அமைப்பின்மீது, இலங்கைத் தூதரகம் இந்தக் காட்சியை நிறுத்தும்படி கேட்ட பின்னரே இவ்வளவும் நடந்தன. மலேசியாவை நாம் முன்னேறிய முஸ்லிம் நாடு என்று மேடைகளில் புகழ்ந்து பேசுவது வழக்கம். புகழ வேண்டியதைப் புகழ்வோம். இந்த வழக்கையும் அதோடு சேர்த்துச் சொல்வோம்.

வழக்கு நடந்த விதத்தைக் கேளுங்கள். இந்தச் சட்டப்பிரிவே பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என்று லீனாவின் சட்டத்தரணிகள் வாதாடினார்கள். 2015 செப்டெம்பரில் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதை நிராகரித்தது. பின்பு நீதவான் நீதிமன்றத்தில் விளக்கம் நடந்தது. 2016 மார்ச் 10ஆம் திகதி, எதிர்வாதத்துக்கே அழைக்காமல் நீதவான் அவரை விடுதலை செய்தார். அரச தரப்பு விடவில்லை, மேன்முறையீடு செய்தது. செப்டெம்பர் 21ஆம் திகதி உயர் நீதிமன்றம் விடுதலையை இரத்துச் செய்து, எதிர்வாதத்தைக் கேட்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 பெப்ரவரி 21ஆம் திகதி அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மார்ச் 22ஆம் திகதி பத்தாயிரம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் எங்கள் காசுக்கு மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டும்.

படம் காட்டிய நாளிலிருந்து எண்ணினால் மூன்று வருடமும் எட்டு மாதமும். சிறை இல்லையே, அபராதத்தோடு போயிற்றே என்று சிலர் நினைக்கலாம். நீதிமன்ற வாசலைக் கண்ட பெண்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். தவணைக்குத் தவணை விடியற்காலை எழும்பி, பிள்ளைகளை ராத்தா வீட்டிலோ உம்மாவிடமோ விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் காசு தேடி, அங்கே போனால் "அடுத்த தவணை" என்ற இரண்டு சொற்களோடு திரும்பி வருகிறவர்கள் நாம். ஆட்கொணர்வு மனுப் போட்ட தாய்மார் எத்தனை வருடம் நடந்திருக்கிறார்கள்! வழக்கு என்பது தீர்ப்பு வரும் நாளில் தொடங்கும் தண்டனையன்று. அது அழைப்பாணை வந்த அன்றே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

எங்கள் நாட்டில் இதற்கென்று வேறு சட்டங்கள் இருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் எல்லோரும் அறிந்தது. சிறுபான்மையினரைப் பாதுகாக்க உதவும் என்று எண்ணப்பட்ட 2007ஆம் ஆண்டின் சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயச் சட்டத்தின் கீழ், 2019 மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச் சக்கரம் என்று கொண்டதே காரணம். ஒரு படத்துக்காக அங்கே வழக்கு என்றால், ஓர் உடுப்புக்காக இங்கே மறியல்.

எங்கள் வீதியில் நடந்ததும் படமாகியது

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய நடைபயணத்தைக் கல்முனைப் பெண்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொலிகண்டி வரை ஐந்து நாள் போன அந்த ஊர்வலம் எங்கள் பிரதான வீதி வழியாகத்தான் சென்றது. காணாமலாக்கப்பட்டோருக்காகவும் பறிபோகும் காணிகளுக்காகவும் தமிழ் மக்கள் எழுப்பிய கோரிக்கைகளோடு, ஜனாஸாக்களை எரிக்காதே என்ற எங்கள் கோரிக்கையும் சேர்ந்து போயிற்று. 2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி வரும் வரை, கொரோனாவில் மௌத்தானவர்களின் உடல்களைக் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். மார்ச் 5ஆம் திகதிதான் ஓட்டமாவடியில் முதன்முதலாக அடக்கம் செய்ய விட்டார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் ஒரே பக்கமாக நடந்ததைக் கண்டோம்.

அன்று பொலிஸார் நீதிமன்றத் தடை உத்தரவுகளைக் காட்டினார்கள். நடந்தவர்கள் பிறகு விசாரணைக்கு அழைக்கப்பட்டு வாக்குமூலம் பெறப்பட்டார்கள். ஊர்வலத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து முகநூலில் போட்டவர்கள் பலர். உலகம் காண வேண்டும் என்றே போட்டார்கள். உலகத்தோடு பொலிஸாரும் கண்டார்கள். படம் இரண்டு பக்கமும் வெட்டும். வன்னியில் படையினர் பெருமைக்காக எடுத்த காட்சி, பிறகு அவர்களுக்கே எதிரான சாட்சியாயிற்று. ஊர்வலத்தில் எடுத்த படமோ, நடந்தவர்களைத் தேடுவதற்கு வழிகாட்டலாம். முன்வரிசையில் கருப்பு அபாயாவோடு நிற்கும் ஒரு விதவையின் முகத்தை, அவளிடம் கேட்காமல் பரப்புவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் கதை எந்தப் படத்தில்?

'நோ ஃபயர் ஸோன்' பார்க்கும்போது கிழக்கிலிருக்கும் ஒரு பெண்ணுக்கு எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. நாங்கள் எங்கே? 1990 ஜூன் 11ஆம் திகதி கல்முனைப் பொலிஸ் நிலையத்திலும் கிழக்கின் ஏனைய நிலையங்களிலும் புலிகளிடம் சரணடைந்த பொலிஸார் கொண்டுபோய்ச் சுடப்பட்டார்கள். பிறகு இராணுவம் வந்தது, கல்முனைத் தமிழர் பலர் காணாமல் போனார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சில நாளில் ஏறாவூர். அதே ஓகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம். இவற்றுக்கெல்லாம் எவனும் தொலைபேசியில் படம் எடுக்கவில்லை, அன்று அப்படியொரு தொலைபேசியும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை.

ஒரு படம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஐந்து மாதத்தைச் சொல்ல வந்த படம் ஐந்து மாதத்தைச் சொல்கிறது. ஆனாலும் அது சொல்லாததை வைத்தே அதை வெறுக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. புலிகள் எங்களுக்குச் செய்ததை யார் கேட்டார்கள் என்று சொல்லித் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பதுங்குகுழிக்குள் அலறும் அந்தத் தாய் எங்களுக்கு என்ன செய்தாள்? 2012இலும் 2013இலும் ஜெனீவாவில் எங்கள் தலைவர்கள் பலர் அரசாங்கத்தின் பக்கம் நின்று, முஸ்லிம் நாடுகளின் ஆதரவைத் தேடிக் கொடுத்தார்கள். அதே காலத்தில்தான் தம்புள்ளைப் பள்ளியும் ஹலாலும் பிரச்சினையாக்கப்பட்டன. 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜூட் ரட்ணம் என்ற தமிழ் இயக்குநர் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்றொரு படம் எடுத்தார். 1983இல் ஐந்து வயதுப் பிள்ளையாகக் கொழும்பிலிருந்து ரயிலில் தப்பி ஓடியவர் அவர். சிங்களக் காடையர்களின் கொடுமையோடு, தமிழ் இயக்கங்கள் தமக்குள்ளேயே கொன்று குவித்ததையும் அதில் பேசினார். 2017இல் பிரான்ஸின் கான் விழாவில் காட்டப்பட்ட அப்படம், 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து எதிர்ப்புக் காரணமாக விலக்கப்பட்டது. இங்கே கறுப்பு மை பூசியது அரசாங்கமன்று. தங்கள் சமூகத்தின் குற்றத்தைத் திரையில் காண விரும்பாதவர்கள். 2023 செப்டெம்பர் 5ஆம் திகதி சனல் 4 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பியபோது, சாய்ந்தமருதுவின் 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவை மறக்காத இந்தக் கரையில் அதைப் பார்க்காத வீடு குறைவு. மெக்ரேயின் படத்தைச் சனல் 4இன் பொய் என்று சொன்னவர்களில் சிலர், இந்த நிகழ்ச்சியைச் சனல் 4இன் உண்மை என்று பகிர்ந்தார்கள். 2011இல் நம்பியவர்களில் சிலர் 2023இல் சந்தேகப்பட்டார்கள். தொலைக்காட்சி ஒன்றுதான், பார்ப்பவர்தான் இடம் மாறி உட்கார்ந்தார்.

பெண்களின் உடல்கள்

இப்படத்தைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய மனத்தாங்கல் வேறு. உடை களையப்பட்ட பெண்களின் உடல்களைத் திரையில் காட்டத்தான் வேண்டுமா? பாலியல் வன்முறை நடந்ததற்கு வேறு சாட்சி இல்லாத இடத்தில், கொன்றவர்களே எடுத்த படம் பெரும் ஆதாரம் என்பதை மறுக்க முடியாது. ஜெனீவாவில் அமர்ந்திருந்த இராஜதந்திரிகள் அதைக் கட்டாயம் கண்டிருக்க வேண்டும். ஆனால் அதே காட்சி வெட்டப்பட்டு, தமிழ்நாட்டுக் கூட்டங்களின் பதாகைகளிலும் வெளிநாட்டு ஊர்வலங்களிலும் முகநூலிலும் பெரிதாக்கப்பட்டு வருடக்கணக்காகத் தொங்கியது. தொலைக்காட்சி அறிவிப்பாளராக இருந்த இசைப்பிரியாவை அவர் வாசித்த செய்திகளுக்காக இன்று நினைப்பவர்கள் எத்தனை பேர்? சுட்டவன் எடுத்த படத்தில் இருந்தபடியே அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவருக்கும் ஒரு தாய் இருந்தார்.

ஆதாரம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பதாகைக்குப் போகக் கூடாது. மெக்ரே இவ்வுடல்களை எச்சரிக்கையோடு, காரணம் சொல்லித்தான் காட்டுகிறார். அவருக்குப் பின் அவற்றை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் அந்தக் கவனத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. காணாமலாக்கப்பட்ட மகனையோ கணவனையோ தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் இப்படத்தைப் பார்ப்பது மற்றவர்கள் பார்ப்பதைப் போலன்று. அவர்கள் கதையைப் பார்ப்பதில்லை, முகங்களைப் பார்க்கிறார்கள். சரணடைந்தவர்களின் வரிசை வரும்போது நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் ஓடவிடுகிறார்கள். இதற்கு ஒரு விமர்சகனும் மதிப்பெண் போடமாட்டான்.

மகளிர் சங்கத்திலோ வீட்டிலோ இப்படத்தையோ இதுபோன்ற வேறு படத்தையோ பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். பிள்ளைகள் உறங்கிய பிறகு பாருங்கள். தனியே பார்க்க வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும். யாராவது எழுந்து போனால் ஏன் என்று கேட்க வேண்டாம். கடைசி அரை மணி நேரத்தைப் பார்க்காமல் விட்டாலும் படம் விளங்கும். பார்த்து முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உடனே கலைந்து போகாமல், ஒரு தேநீராவது ஊற்றி வைத்துக்கொண்டு பேசுங்கள். தெரிந்த முகம் எதையாவது கண்டதாக ஒருவர் சொன்னால், படம் எந்த நிமிடத்தில் ஓடும்போது என்பதை ஒரு கடதாசியில் குறித்து வைத்து, சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிட்டுக் காணாமற்போனோர் அலுவலகத்திலுள்ள அவருடைய கோப்போடு சேர்க்கச் சொல்லுங்கள். படம் சிங்களத்திலும் வெளிவந்திருக்கிறது. அடுத்த ஊரில் சிங்களச் சிநேகிதி இருப்பவர்கள் அவரையும் கூப்பிடலாம்.